பழைய புத்தகத்தைப் பார்த்த கட்டம்

எங்கள் ஓட்டலில் தயாளன் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எக்செல் அண்ணே என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஆள் பெரிய உருவமாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அவர் சட்டை அளவு எம். அதுவும் தோளில் கொஞ்சம் தொங்கும். கணினியில் கட்டம் கட்டமாக வருமே எக்செல், அதைக் கட்டி மேய்க்கிறவர் என்பதால் வந்த பெயர் அது.

நான் பிரமிளா. பினாங்கு ஜார்ஜ்டவுனில் கடலைப் பார்த்த ஒரு பதினோரு மாடி ஓட்டலில், ஊழியர் பிரிவில் பயிற்சி வகுப்புகளைக் கவனித்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வருடமாக அவருக்குப் பக்கத்து மேசை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவர் எத்தனை மணிக்குத் தும்முவார் என்பதுகூடத் தெரிந்துவிடும். ஒன்பதரைக்குத் தும்முவார், ஏர்கோன் குளிர் சேராது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அல்லது என்னிடம் அப்படி நடிக்கிறார். அதனால் எங்களுக்குள் இதுவரை சண்டை வந்ததில்லை.

அவர் கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாம்காரர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகன் இருபத்திரண்டு வயதில் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்து இந்த ஓட்டலில் விருந்தாளிகளின் பெட்டி தூக்கினார். "எங்க வீட்டுல ரெண்டு தலைமுறையா அடுத்தவன் சாமானைத்தான் தூக்கறோம். எனக்குக் கிடைச்ச பெட்டிக்குச் சக்கரம் இருந்துச்சு, அவ்வளவுதான்" என்று சிரிப்பார். பிறகு முதுகு பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு மூலையில் யாரும் தொடாத கணினி இருந்தது. தொட்டார். அதோடு சரி, முப்பத்து நான்கு வருடத்தில் பத்தொன்பது வருடம் ரோஸ்டர்தான் அவர் வேலை. யாருக்கு எந்த நாள் வேலை, யாருக்கு எந்த நாள் லீவு. நூற்று நாற்பத்தாறு பேர்.

இன்றைக்கும் காலை ஏழு மணி ஃபெரியில் மோட்டார் சைக்கிளோடு ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, ஒரு தோசை பசியாறிவிட்டு, எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியில் உட்காருவார். மனிதருக்குக் குறை என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியாது. சம்பளம் பற்றிப் புலம்ப மாட்டார். மழை பெய்தால் மழை என்பார். அவ்வளவுதான்.

அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, லிங்க். ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தைப் பார்த்துத் தானே எழுதிக்கொள்வது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் இங்கே பார்த்து எழுதினால்தான் பாராட்டு. ஒரு புத்தகத்தில் ஊழியர்கள் விவரம், அதைப் பார்த்து எழுதுகிற பக்கம் ஒன்று, அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதுகிற ரோஸ்டர் ஒன்று. எக்செலில் ஒரு கோப்பை அவர் புத்தகம் என்றுதான் சொல்வார். வீட்டுக்கும் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார். அதில் ஒரு கட்டத்தில் தீபாவளித் தேதியை அடித்தால் போதும். முறுக்கு சுட வேண்டிய நாள், திரைச்சீலை துவைக்க வேண்டிய நாள், மனைவி ஜெயலெட்சுமி அக்காவுக்குப் புடவை எடுக்க வேண்டிய நாள் எல்லாம் தானாக மாறும். அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "அந்தப் புத்தகம் முறுக்கு சுடுமான்னு கேளு பிரமிளா" என்றார்.

லிங்க் விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வார்: "ஃபார்முலா இருக்கற கட்டத்துல கையால தட்டாத. இன்னைக்கு அவசரத்துக்குத் தட்டுவ, நாளைக்கு மறந்துருவ. அப்புறம் அந்தக் கட்டம் யாரையும் பாக்காது, யாரு சொன்னாலும் கேக்காது." நானே ஒருமுறை தட்டி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரோஸ்டரில் கஷ்டமான இடம் பெருநாள்கள். எங்கள் ஊரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், வழக்கம் இதுதான்: சீனப் பெருநாளுக்குச் சீனர்கள் வீட்டுக்குப் போவார்கள், மற்றவர்கள் வேலையைப் பார்ப்போம். ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம்கள் போவார்கள், நாங்கள் பார்ப்போம். தீபாவளிக்கு நாங்கள் போவோம், அவர்கள் பார்ப்பார்கள். எல்லாப் பெருநாளிலும் ஓட்டல் நிரம்பி வழியும். கோலாலம்பூரிலிருந்து கிளம்பினால் பினாங்கில்தான் வந்து இறங்குவார்கள். அதனால் ஒருவருக்குக்கூட ஆள் குறையக் கூடாது. தயாளன் அண்ணன் ஒவ்வொருவர் எண்ணுக்கும் எதிரே ஓர் எழுத்து வைத்திருப்பார். டி என்றால் தீபாவளிக்கு லீவு, ஆர் என்றால் ராயாவுக்கு, சி என்றால் சீனப் பெருநாளுக்கு. கிறிஸ்தவர்களுக்கு வேறு எழுத்து. வேலைக்குச் சேரும்போதே எந்தப் பெருநாள் என்று அவரவர் கையால் விண்ணப்பப் பாரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது புத்தகத்தில் ஏறிவிடும். மற்றதை லிங்க் பார்த்துக்கொள்ளும்.

அச்சடித்த ரோஸ்டரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை கண்ணால் சரிபார்ப்பார். பெயரையும் எழுத்தையும் விரல் வைத்து ஓட்டுவார். மலாய்க்காரர் பெயர் நடுவில் 'பின்' இருந்தால் ஆர். எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் இன்னாரின் மகன் என்பதற்கு 'ஏ/எல்' என்று வருமே, அதைக் கண்டால் டி. விரல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணலாம், இந்தக் கண்ணு பண்ணாது" என்று பெருமையாகச் சொல்வார். ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். யாருக்காகவும் மாற்ற மாட்டார். ஒரு வருடம் ஒருவருக்கு இரக்கப்பட்டு மாற்றி, மறுநாள் இருபத்து மூன்று பேர் வாசலில் நின்றார்களாம். அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

இப்போது யூசுப் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சமையலறையில் இந்தியச் சமையலுக்கு இரண்டே பேர், யூசுப் அண்ணனும் சுகுமாரனும். யூசுப் அண்ணன் தமிழ் முஸ்லிம். கொரோனாவில் மூடிக் கிடந்த ஓட்டல் மறுபடி திறந்தபோது, ஓய்வு பெற்றுப் போன ராமதாஸ் அண்ணனுக்குப் பதிலாக வந்தவர். ராமதாஸ் அண்ணனின் ஊழியர் எண் கே-17. அந்த எண்தான் அலமாரிக்கும், அந்த அலமாரிதான் யூசுப் அண்ணனுக்கும் என்பதால் எண்ணையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். ஊழியர் சாப்பாட்டையும் அவர்தான் சமைப்பார். அவர் வைக்கிற மீன்கறிக்காகவே லீவு நாளில் வந்து சாப்பிட்டுப் போனவர்கள் உண்டு. நான் பெயர் சொல்லவில்லை, ஆனால் நான்தான்.

அவர் வாயில் எப்போதும் ஒரே வார்த்தை, "தாப்பா லா." பரவாயில்லை என்று அர்த்தம். அடுப்பு அணைந்தாலும் தாப்பா லா, கை சுட்டுக்கொண்டாலும் தாப்பா லா.

இந்த வருடம் நோன்பு மாதத்தில், ராயாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, மதியம் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் நோன்போடு சமைத்துக்கொண்டிருந்தார். உப்பு பார்க்க முடியாது, சுகுமாரன்தான் பார்த்துச் சொல்வான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். திரையில் ஒரு குழந்தை, மொட்டைத் தலையோடு.

"பேரன். பொண்ணு ஹனாவோட மகன். கூச்சிங்ல இருந்து மொதல் தடவ வர்றாங்க. ராயா அன்னைக்குக் காலைல இருப்பாங்க, சாயங்காலம் மாப்பிள்ளை ஊருக்குக் கெளம்பிருவாங்க."

"அப்ப இந்த வருஷம் வீடு கலகலன்னு இருக்கும்ணே."

"வீட்டுக்காரி மஹ்பூபா எல்லாருக்கும் ஒரே கலர்ல துணி எடுத்துருக்கு. பச்சை. பொடியனுக்கும் பச்சை. தொழுகை முடிஞ்சு வந்ததும் எல்லாரும் நின்னு போட்டோ எடுப்போம்ல, அதுக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "நாலு வருஷமா அந்த போட்டோல நான் இல்ல. தொழுதுட்டு நேரா இங்க வந்துருவேன். இந்த வருஷமாவது பேரனத் தூக்கிக்கிட்டு நிக்கணும்னு ஆசை. போர்டுல பாத்தேன், காலை ஷிப்ட்."

"மாத்திக் கேக்க வேண்டியதுதானே?"

"ஒட்டியாச்சே. அண்ணன் மாத்த மாட்டாரு. தாப்பா லா."

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? யாருடனோ பேசி லீவை மாற்றிக்கொண்டிருப்பார், அவர் விருப்பம் என்று தோன்றியது. மீன்கறியை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். இப்போது நினைத்தாலும் என் மீதே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு முஸ்லிம் நான்கு வருடமாக நோன்புப் பெருநாளன்று அடுப்படியில் நிற்கிறார், நாற்பது பேர் வேலை செய்கிற சமையலறையில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அது மட்டுமா? நான்கு வருடமாகத் தீபாவளியன்று எங்கள் ஓட்டலில் இந்திய அடுப்பு எரியவில்லை. இரண்டு பேருக்கும் லீவு. தீபாவளிக்கு எல்லாரும் வீட்டில் சாப்பிடுவார்கள், ஓட்டலுக்கு யார் தோசை தின்ன வரப்போகிறார்கள் என்று நாங்களே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

ராயாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது தயாளன் அண்ணனுக்குப் புதுக் கணினி வந்தது. பழையது பெருமூச்சு விட்டுக்கொண்டே கிடந்தது, எடுத்துப் போய்விட்டார்கள். அவருடைய ரோஸ்டர் புத்தகத்தை நான்தான் புதியதில் ஏற்றினேன். திறந்ததும் ஒரு பெட்டி எழும்பியது. இந்தப் புத்தகத்துக்கு வெளியே லிங்க் இருக்கிறது, புதுப்பிக்கலாமா என்று கேட்டது.

"'வேண்டாம்'ன்னு அழுத்து. தினம் கேக்கும்" என்றார் அவர், தும்மிவிட்டு. மணி ஒன்பதரை.

எனக்கு 'வேண்டாம்' என்று சொல்லிப் பழக்கமில்லை. 'சரி'யை அழுத்தினேன். உடனே இன்னொரு பெட்டி: அந்தப் புத்தகத்தைக் காணவில்லை.

"எந்தப் புத்தகம்ணே? எல்லாம் ஒரே புத்தகத்துக்குள்ளதான இருக்குன்னு சொன்னீங்க?"

"ஒரே புத்தகம்தான். கொரோனால வீட்டுல உக்காந்து புதுசா போட்டேனே. வெளிய லிங்கே கெடையாது."

"அப்ப இது யாரத் தேடுது?"

நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். லிங்க் பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு வரி. கொரோனாவுக்கு முந்தைய பழைய புத்தகத்தின் பெயர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பக்கம், சமையலறை.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது, எனக்குச் சொல்லித்தான் விளங்கியது. எல்லாப் பக்கங்களையும் சேர்த்து ஒன்றாகப் புதுப் புத்தகத்துக்கு நகலெடுத்தால் லிங்குகளும் கூடவே வந்து புதுப் புத்தகத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கத்தை மட்டும் தனியாக நகலெடுத்தால், அது புது வீட்டில் இருந்துகொண்டே பழைய வீட்டைத்தான் பார்க்கும். கொரோனாவுக்குப் பிறகு ஓட்டலின் அறைகளை முதலில் திறந்தார்கள். சமையலறையை ஒரு மாதம் கழித்துத்தான் திறந்தார்கள். அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு மாதம் கழித்துத் தனியாக எடுத்து ஒட்டியிருக்கிறார். நான்கு வருடமாக அந்தப் பெட்டி ஒவ்வொரு காலையும் கேட்டிருக்கிறது. அவர் ஒவ்வொரு காலையும் வேண்டாம் என்றிருக்கிறார்.

"சின்ன விஷயம்தான்" என்று சொல்லிக்கொண்டே லிங்கைப் புதுப் புத்தகத்துக்குத் திருப்பினார். சமையலறைப் பக்கம் ஒருமுறை கண் சிமிட்டியது. நாற்பது எழுத்துகளில் முப்பத்தொன்பது அப்படியே இருந்தன. ஒன்றே ஒன்று மாறியது. கே-17, டி-யிலிருந்து ஆர்.

விரலை அந்தக் கட்டத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பெயர்: யூசுப் ஏ/எல் அப்துல் ஹமீது. தமிழ் பேசுகிற குடும்பம் என்று அந்தக் காலத்தில் பிறப்புப் பதிவு எழுதியவர் ஏ/எல் போட்டுவிட்டாராம். அது அவர் கார்டில் அப்படியே நின்றுவிட்டது. பெயரைக் கையால் அடித்திருந்தார், எழுத்தை மட்டும்தான் லிங்க் எண்ணைப் பார்த்து எடுத்தது; பழைய புத்தகத்தில் கே-17 என்பது ராமதாஸ். ராமதாஸுக்குத் தீபாவளி. சமையலறைப் பக்கம் நான்கு வருடமாக யூசுப் அண்ணனுக்கு ராமதாஸ் அண்ணனின் பெருநாளைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"லிங்க் தப்பு பண்ணுச்சுன்னா நான் புடிச்சிருக்கணும்" என்றார். "ஏ/எல்-ஐப் பாத்தேன், டி-யைப் பாத்தேன், சரின்னு போயிட்டேன். ஆளை எனக்குத் தெரியாதா? தெனம் அவரு கையால சாப்பிடறேன் பிரமிளா. நாலு ராயாவும் இங்க வேலை பாத்து, அவரு சமைச்ச பிரியாணியத் தின்னுட்டு, கையப் புடிச்சு 'பெருநாள் வாழ்த்து பாய்'ன்னு சொல்லியிருக்கேன். சமையக்கட்டுல வச்சு. அப்பகூட மண்டைல ஏறல."

அப்போதுதான் பேரனைப் பற்றிச் சொன்னேன். பச்சைத் துணி, போட்டோ எல்லாம். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தோன்றியது. ஆனால் சொன்னது நல்லதுதான்.

எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இதையெல்லாம் பிறர் சொல்லிக் கேட்கிற ஆள் இல்லை நான். யூசுப் அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தயாளன் அண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

"பாய், உங்க லீவை நாலு வருஷமா நான் தப்பாப் போட்டிருக்கேன். உங்களுக்கு ராயா லீவு. என் தப்பு."

யூசுப் அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். "தப்பா? நீங்க வேணும்னு போட்டீங்கன்னுல நெனச்சேன்."

"வேணும்னா?"

"வேலைக்கு வந்த மொத வருஷம் நீங்கதான தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டீங்க. பாத்தா லீவும் அன்னைக்கே வந்துருக்கு. சரி, குடும்பத்தோட வரணும்னு அண்ணன் பாத்துப் பண்ணிருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன். அதப் போயி எப்படி வேணாம்னு சொல்றது?"

தயாளன் அண்ணன் அங்கிருந்த காய்கறிக் கூடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த மனிதர் நமக்காக லீவு எடுத்துக்கொண்டு, மனைவியோடு ஃபெரி ஏறி வருகிறார், என்ன பாசம் என்று நான்கு வருடமாக என்னிடமே சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். ஜெயலெட்சுமி அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற நான்கு தீபாவளிப் போட்டோவிலும் யூசுப் அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் வீட்டு ராயா போட்டோவில்தான் அவர் இல்லை.

"தாப்பா லா, அண்ணே" என்றார் யூசுப் அண்ணன்.

"தாப்பா இல்ல பாய்" என்றார் தயாளன் அண்ணன். "இது தாப்பா இல்ல."

ஆனால் எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது. ராயா விருந்துக்கு இருநூற்று எண்பது பேர் பதிவு செய்திருந்தார்கள். தலைமைச் சமையல்காரர் ஹைக்கல் கையை விரித்துவிட்டார்: ஆட்டுப் பிரியாணி இரண்டு அண்டா, சுகுமாரன் ஒருவனால் முடியாது, இன்னொரு ஆள் கொடுத்தால் யூசுப் போகலாம், இல்லாவிட்டால் மன்னிக்க வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியே கேட்டுப் பார்த்தோம். பெருநாள் வாரத்தில் பினாங்கில் சும்மா இருக்கிற சமையல்காரர் யார்? நான்கு இடத்தில் கேட்டு நான்கு இடத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு நாள் போயிற்று. தயாளன் அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குப் போகவே இல்லை. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டு பழைய புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துப் போன கணினியிலிருந்து அதை மீட்டுக்கொண்டு வந்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். எத்தனை பேரை இப்படிக் கெடுத்திருக்கிறேன் என்று பார்க்கிறேன் என்றார். எண் கைமாறியது மூன்று பேருக்கு. மற்ற இருவருக்கும் பழைய ஆளின் பெருநாளே பொருந்திவிட்டது, தப்பித்தார்கள். மூன்றாவது கே-17.

திடீரென்று திரையைத் தட்டினார். "பிரமிளா, இது என்ன சொல்லுது?"

"கே-17 ராமதாஸ், டி."

"டி-ன்னா?"

"தீபாவளிக்கு லீவு."

"ராயாவுக்கு?"

"வேலை" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது.

அன்று மாலை ஃபெரி இறங்கி அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி ராமதாஸ் அண்ணன் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தினார். மறுநாள் காலை வந்து அப்படியே நடித்துக் காட்டினார். ராமதாஸ் அண்ணன் பனியனோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாராம். விஷயத்தைச் சொன்னதும், "நாலு வருஷமா என் பேருல யாரோ வேலை பாத்துருக்கான், எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாராம். அவர் மனைவி உள்ளேயிருந்து, "ஒரு நாளா? ஒரு வாரம்னாலும் கூட்டிட்டுப் போங்க, நான் நிம்மதியா இருப்பேன்" என்றாராம். செஃப் ஹைக்கலுக்கு ராமதாஸ் என்ற பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. மேலாளர் மிஸ் ஊய் ஒரு நாள் வேலைக்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு ஒன்று கேட்டார். பலகையில் இருப்பதை மாற்றினால் எல்லாரும் வருவார்களே, சத்தமில்லாமல் அனுப்பிவிடலாமே என்றார். தயாளன் அண்ணன் மாட்டேன் என்று தலையாட்டினார். நான்கு வருடம் தப்பு எல்லார் கண் முன்னாலும் தொங்கியது, சரி செய்வது மட்டும் ஏன் ஒளிந்து நடக்க வேண்டும் என்றார். மிஸ் ஊய் பேனாவை மூடி வைத்தார். பிறகு, ஒவ்வொரு வருடமும் ஏ/எல் பக்கத்தில் டி இருப்பதைப் பார்த்து நானும்தான் கையெழுத்துப் போட்டேன் என்றார்.

அறிவிப்புப் பலகையில் முதல்முறையாகச் சிவப்பு மை விழுந்தது. கே-17க்கு எதிரே இருந்ததை அடித்து, ஆர் என்று எழுதி, கீழே மலாயில் ஒரு வரி: தவறு என்னுடையது, தயாளன். நான் பயந்தபடியே பிற்பகலுக்குள் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி தன் பூனை குட்டி போடப்போகிறது என்றாள். எல்லாருக்கும் ஒரே பதில்: "உன் கட்டம் சரியாத்தான் பாக்குது. போய் வேலையப் பாரு." பன்னிரண்டாவது ஆளாக யூசுப் அண்ணன் வந்தார். அலமாரிச் சாவியை மேசையில் வைத்தார். "ராமதாஸ் அண்ணனுக்கு. அவரோட அலமாரிதானே" என்றார்.

ராயா அன்று காலை எனக்கும் வேலை. எட்டு மணிக்கெல்லாம் கீழே போய்ப் பார்த்தேன். ராமதாஸ் அண்ணன் கே-17 அலமாரியிலிருந்து ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு, இங்கே இருந்த மிளகாய்த்தூள் டப்பாவை யார் இடம் மாற்றியது என்று சுகுமாரனைத் திட்டிக்கொண்டிருந்தார். தயாளன் அண்ணன் அடிக்கடி கைப்பேசியைப் பார்த்தார். பத்தேகால் மணிக்கு அது முனகியது.

போட்டோ. எல்லாரும் பச்சை. மஹ்பூபா அக்கா, ஹனா, மாப்பிள்ளை. நடுவில் யூசுப் அண்ணன், தலையில் சொங்கோக் தொப்பியோடு, கையில் பேரன். பேரன் அந்தச் சொங்கோக்கைப் பிடித்து இழுக்கிறான், ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. அண்ணன் அதை நிமிர்த்தக்கூட இல்லை. சிரிப்பில் கண் இரண்டும் மூடியிருக்கிறது. தயாளன் அண்ணன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மூக்கைச் சிந்தினார். மணி ஒன்பதரை தாண்டி ரொம்ப நேரமாகிவிட்டது, அதனால் அது தும்மல் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாலை வேலை முடிந்ததும் ஜெலுத்தோங்கில் யூசுப் அண்ணன் வீட்டுக்குப் போனோம். ஹனா கிளம்பிப் போயிருந்தாள். வீடெல்லாம் குழந்தைப் பவுடர் வாசனை. மஹ்பூபா அக்கா ரெண்டாங் இறைச்சியும் ஓலையில் அவித்த கெத்துப்பாட்டுச் சோறும் வைத்தார். யூசுப் அண்ணன் வாசலில் எங்களை வழியனுப்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தயாளன் அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணே, இப்ப நான் ஆர் ஆயிட்டேன்."

"ஆமா பாய்."

"அப்ப தீபாவளிக்கு எனக்கு வேலை."

தயாளன் அண்ணன் ஒரு செருப்போடு நின்றார்.

"இல்ல, சரிதான். சுகுமாரன் போகணும்ல. யாராவது அடுப்பு பத்த வைக்கணும்ல" என்றார் யூசுப் அண்ணன். "ஆனா உங்க வீட்டுக்கு வர முடியாதே. அதான் ஒரு மாதிரி இருக்கு. தாப்பா லா."

தயாளன் அண்ணன் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். சரியாகப் பார்க்க ஆரம்பித்த அந்தக் கட்டம் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று எனக்குப் புரிந்தது, பாவமாக இருந்தது.

நேற்று ஒரு பயிற்சி வகுப்புக்கு நாள் குறிக்க வேண்டி அவருடைய புத்தகத்தைத் திறந்தேன். பெட்டி எதுவும் எழும்பவில்லை. லிங்க் எல்லாம் உள்ளுக்குள்ளேயே சுத்தமாக இருக்கிறது. தீபாவளி வாரத்துக்குப் போனேன். சமையலறை, கே-17. காலை ஷிப்டுக்கு எதிரே சுகுமாரனும் இல்லை, யூசுப் அண்ணனும் இல்லை. ராமதாஸ் அண்ணனா என்று பார்த்தேன், அவரும் இல்லை, அவருக்குத்தான் தீபாவளியாயிற்றே. காலையில் இந்திய அடுப்புக்குப் பசியாறல் வேலை கிடையாது, மதியம் இரண்டு மணியிலிருந்துதான் என்று செஃப் ஹைக்கலின் சம்மதத்தோடு தயாளன் அண்ணன் மாற்றி வைத்திருந்தார்.

இரண்டு மணிக்கு எதிரே இருந்த கட்டத்தைச் சொடுக்கினேன். மற்ற நூற்று நாற்பத்தைந்து பேரின் கட்டத்திலும் நீளமாக ஃபார்முலா ஓடும். இதில் எதுவும் இல்லை. கையால் தட்டியிருந்தார்: "யூசுப், 2 மணி. காலையில் எங்கள் வீட்டில்."